கோயம்பேடு பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி

மாமே,

இன்று காலை பூந்தமல்லி ரோட்டு எல்.ஈ.டி. விளம்பர ஸ்கிரீனில் ஒரு பெட்டியின் பின்கதவைத் திறந்ததும் பல்லி கருகிய நாற்றம் குப்பென்று மூஞ்சியில் அடித்தது. மழைக்குக் கதகதப்பு தேடி உள்ளே வந்த சனியன், பவர் சப்ளையின் இரண்டு கம்பிக்கும் நடுவில் காலை நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. தான் செத்ததும் இல்லாமல் அந்தப் பெட்டி முழுவதையும் இருட்டாக்கிவிட்டுப் போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், காதில் மாட்டியிருந்த போனில் கேட்டுவிட்டேன்: "மாமே, கோயம்பேடு பக்கம் எத்தினி பொட்டி அவுட்டு?"

கீழே நின்றது புதிதாக வந்திருக்கும் ஆள். "யாரைண்ணே கூப்புட்றீங்க?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். நாற்றம் பரவாயில்லை போலிருந்தது.

நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். உன் இடத்துக்கு ஆட்கள் வந்து வந்து போகிறார்கள். எவனுக்கும் கீழே நின்று பார்க்கத் தெரியவில்லை. செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறான்கள். அதில் ஸ்கிரீன் முழுக்கக் கோடு கோடாக ஓடும். எது ரிப்பேர், எது போனின் கோளாறு என்று நான் கண்டுபிடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும்.

நம் வேலையைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் இன்னமும் சிரிக்கிறார்கள். ஊரே பார்க்கிற படத்தை அதை ரிப்பேர் செய்கிறவன் மட்டும் பார்க்க முடியாது என்றால் யார்தான் நம்புவார்கள்? நான் ஸ்கிரீனுக்குப் பின்னால், ஆள் ஒருக்களித்துப் போகிற இரும்புக் கூண்டுக்குள் வெந்துகொண்டு நிற்பேன். பெட்டிகளின் முதுகும் ஒயர்களும்தான் எனக்குத் தெரியும். முன்பக்கம் வந்து மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளிகள் தெரியுமே தவிரப் படம் தெரியாது. படம் வேண்டுமானால் ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போக வேண்டும். அங்கே மல்லிகா அக்காவின் டீக்கடை ஓரத்தில் நீ நிற்பாய். எந்தப் பெட்டியில், எந்த வரிசையில், எந்த மாட்யூல் செத்துப்போயிருக்கிறது என்று போனில் சொல்வாய். கைக்குட்டை அளவுப் பலகை அது. நான் கழற்றி மாற்றுவேன். நீ கண், நான் கை.

ஆரம்பத்தில் லெஃப்ட், ரைட் என்று சொல்லிப் பார்த்தோம். கீழே நிற்கிற உனக்கு இடது, முதுகுப் பக்கம் நிற்கிற எனக்கு வலது. நல்லதைக் கழற்றிவிட்டுக் கெட்டதை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, நடுரோட்டில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வோம். அப்புறம் நீதான் ஒரு வழி சொன்னாய். "லெப்டு ரைட்டெல்லாம் உடு மச்சான். கோயம்பேடு பக்கம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஊரு எங்கனாச்சும் திரும்பிக்குமா?" அதிலிருந்து எந்த ஸ்கிரீனுக்குப் போனாலும் முதலில் ஊர்ப் பெயர்தான் கேட்போம். அம்பத்தூரில் ஆவடி பக்கம், பாடி பக்கம். ஆவடியில் பட்டாபிராம் பக்கம், அம்பத்தூர் பக்கம்.

உன் கண்ணைப் பற்றி உனக்கிருந்த திமிர் இருக்கிறதே, அதை யாராலும் தாங்க முடியாது. புது மாட்யூல் ஒன்றைப் பழையவற்றுக்கு நடுவில் போட்டால், அது அரை நூல் நீலம் அடிப்பதை ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்வாய். நான் மல்லிகா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "எல்லாம் ஒரே மாதிரிதானே கீது?" என்பார். நீ தலையில் அடித்துக்கொள்வாய். "நம்ப கண்ணுக்கு டிமிக்கி குடுக்க முடியாதுக்கா" என்பாய். எத்தனை நாள் அந்த அரை நூல் நீலத்துக்காக வெயிலில் என்னை மறுபடியும் மேலே ஏற்றியிருக்கிறாய், பாவி.

அப்புறம் அந்தக் கோடை வந்தது.

"மச்சான், கோயம்பேடு பக்கம் மேல் வரிசையில ஒரு கறுப்புப் புள்ளி கீது பாரு" என்றாய். கழற்றினேன், புதிது போட்டேன். கழற்றியதை அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் ஒர்க்‌ஷாப் மேஜையில் வைத்து எரியவிட்டால் ஒரு புள்ளி பாக்கியில்லாமல் எரிந்தது. சரி, ஒயர் செருகுகிற இடத்தில் எங்கோ லூஸ் இருந்திருக்கும் என்று விட்டேன். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம். பை நிறைய நல்ல மாட்யூல்களைக் கழற்றிச் சுமந்துகொண்டு போனேன். அத்தனையும் எரிந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், பெஞ்சுல போட்டா சோக்கா எரியுது. இன்னாத்தடா பாத்த நீ?"

"நான் பாக்கறேன் இல்ல? கறுப்பா கீதுன்னா கீது. புள்ளி நவுருது மச்சான். கார்டுலதான் பேஜாரு."

"நவுர்ற புள்ளியை எந்த ஊர்லடா கண்ட?"

சண்டை போட்டோம். ஆனாலும் நீ சொன்னால் நான் நம்புவேன். உன் கண் சொன்னதை நம்பித்தானே இத்தனை வருஷம் ஓடியது? பெட்டிக்குப் பெட்டி படத்தைப் பிரித்துத் தருகிற கார்டை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். ஸ்கிரீன் விற்ற கம்பெனியின் இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டு, "சார், புள்ளி நகருது" என்று சொல்லி அவன் சிரிப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் நீ புள்ளியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாய். அதற்கப்புறம் எந்த வேலைக்குப் போனாலும் ஒரே பதில்தான்: "சரியா கீது மச்சான், மூடிட்டு வா." அரை நூல் நீலம்கூடச் சொல்வதில்லை. அப்பாடா, ஒரு வழியாகப் பேய் இறங்கியது என்று நானும் சந்தோஷமாக இறங்கி வந்துகொண்டிருந்தேன். வண்டி மைலேஜ் கொடுக்கவில்லை என்று சொல்லி முத்தாபுதுப்பேட்டை வீட்டிலிருந்து பஸ்ஸில் வர ஆரம்பித்தாய். அதையும் நம்பினேன்.

நகைக்கடை விளம்பரம் வந்த அன்றுதான் எனக்கு விடிந்தது. நான் ஒரு பெட்டியைத் திறந்து கார்டு மாற்றிவிட்டு, ஒயர்களைத் திருப்பிச் செருகும்போது இரண்டை மாற்றிச் செருகிவிட்டேன். சோதித்துப் பார்க்க ஸ்கிரீன் முழுக்க வெள்ளை போட்டோம், கறுப்பு எங்கும் இல்லை என்றாய். சிவப்பு, பச்சை, நீலம் போட்டோம், சரி என்றாய். ஒரே நிறமாகப் போட்டால் இந்தத் தப்பு தெரியாது. ஒயர் மாறினாலும் வெள்ளை வெள்ளைதானே. படம் ஓடினால்தான் தெரியும். படமும் ஓடியது. "சரியா கீது, மூடிட்டு வா" என்றாய்.

இறங்கி ரோட்டைத் தாண்டினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி நிமிர்ந்தால், மாடி உயரத்துக்குக் கல்யாணப் பெண். ஒரு பக்கம் புருவம் இருக்க வேண்டிய இடத்தில் கன்னம், கன்னத்தில் புருவம். நீ கையில் டீ கிளாஸோடு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய்.

"பொண்ணு எப்படிடா கீது?" என்றேன்.

"தகதகன்னு கீது மச்சான். மகாலச்சுமியாட்டம்."

கிண்டல் செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். "வெளையாடாத மாமே" என்றேன். "இன்னா வெளையாட்டு?" என்று என் பக்கம் திரும்பினாய். திரும்பிய முகம் என் குரல் வந்த இடத்துக்குத் திரும்பியதே தவிர என்னிடம் திரும்பவில்லை. என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துச் சிரித்தாய்.

மறுபடி ஏறி ஒயரை மாற்றிவிட்டு வந்து உன் சட்டையைப் பிடித்து டீக்கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். நான் கேட்பதற்குள் நீயே சொல்லிவிட்டாய். உனக்குச் சுகர் இருந்தது எனக்குத் தெரியும். மாத்திரையைப் போடுவாய், விடுவாய், பரோட்டாவை மட்டும் விடமாட்டாய். அது கண்ணுக்குள் இறங்கியிருக்கிறது.

"மொதல்ல ஸ்கிரீன்லதான் புள்ளின்னு நெனச்சேன் மச்சான். சத்தியமா. ஒரு நாளு ஊட்ல வெள்ளைச் செவுத்தைப் பாத்துகினு படுத்திருந்தேன். செவுத்துலயும் அதே புள்ளி. கோயம்பேடு பக்கமே கீது."

நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

"இப்ப இன்னாடா தெரியுது உனுக்கு?"

"கிட்ட வந்தா வெறும் புள்ளி. தள்ளிப் போனா பனி. நடுவுல எங்கனாச்சும் ஒரு எடம் இருக்கும்னு தெனம் தேடிகினு கீறேன். கெடைக்கல."

கறுப்பு எங்காவது இருக்கிறதா என்று மல்லிகா அக்காவிடம் கேட்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாயாம். அன்று அக்கா பால் காய்ச்சுகிற அவசரத்தில் வெள்ளையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ பேசினேன். நான் மேலே ஒயரில் கை வைக்கும்போது கீழே மெயின் சுவிட்சை இறக்குவது நீ. "நான் கருகிப் போயிருந்தா இன்னாடா பண்ணுவ?" என்று கத்தினேன்.

"மெயினை நான் கைல தடவிப் பாத்துதான் எறக்குவேன். ரெண்டு வாட்டி தடவுவேன். அதுல தப்பு வராது மச்சான். உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணும் இல்ல?" என்றாய்.

அடுத்த நாளே உன்னைக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்கு உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, முதலிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இருப்பதாவது போகாமல் இருக்க லேசர் வைக்கலாம், போனது திரும்பாது என்றார். "ஸ்பேர் எதுவும் கெடைக்காதாம்மா?" என்று கேட்டாய். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு உன்னையே பார்த்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

வெளியே வந்து மரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். யாருக்கும் தெரியக் கூடாது என்றாய். மேனேஜருக்குத் தெரியக் கூடாது. அதைவிட உன் பெண்டாட்டி செல்விக்குத் தெரியக் கூடாது. "தெரிஞ்சுதுன்னா ஊட்ல ஒரு மூலையில குந்த வெச்சிடுவாங்க மச்சான். தட்டைக் கைல குடுப்பாங்க. நான் பாக்கற வேலை பாத்தவன். என்னை ஒருத்தர் பாத்துகினு கீற மாதிரி வெச்சிடாத." என்னை மாதா மேல் சத்தியம் செய்யச் சொன்னாய். உனக்கு மாதா மேல் என்னடா நம்பிக்கை? எனக்கு உண்டு என்று தெரிந்து கேட்டாய். செய்து கொடுத்தேன்.

அதிலிருந்து நம் பிழைப்பே ஒரு நாடகமாகப் போயிற்று. நானே மேலே ஏறுவேன், நானே இறங்கி ரோட்டைத் தாண்டிப் பார்ப்பேன், மறுபடி ஏறுவேன். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்து, வாழ்நாள் முழுக்கப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டு நிற்பாய். நகைக்கடை விஷயத்துக்கப்புறம் மேனேஜருக்கு உன் மேல் ஒரு கண். ஒரு நாள் திடீரென்று வந்து உன் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்னய்யா, கீழ ஓடுற எழுத்து கிளியரா இருக்கா? என்ன ஓடுது, படி பார்ப்போம்" என்றார். நான் மேலே கூண்டுக்குள். போனில் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். உன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த நேரத்தில் மல்லிகா அக்காவின் குரல்: "இன்னா சார் இது, எப்பப் பாத்தாலும் ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடின்னே போட்டுகினு கீறீங்க? ரெண்டு நல்ல விசயம் போடக் கூடாதா?" நீ உடனே பிடித்துக்கொண்டாய். "ஆடித் தள்ளுபடி சார். தள்ளுபடில கடைசி எழுத்து லேசா மங்குது. பாத்துடலாம் சார்" என்றாய். மங்குகிறதாம்! அன்றைக்குப் பூந்தமல்லியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூண்டுக்குள் நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

திருவேற்காடு கல்யாண மண்டபத்தில்தான் மாட்டியிருப்பாய். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற உள் ஸ்கிரீன். அது கிட்டத்தில் பார்க்கிற ஸ்கிரீன், புள்ளியெல்லாம் பொடிசு. முன்பக்கமிருந்தே காந்தத்தை வைத்து மாட்யூலைக் கழற்ற வேண்டும். காலையில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. புதிதாக ஒரு படி போட்டிருந்தார்கள். உனக்கு அது தெரியவில்லை. மாட்யூலும் கையுமாகப் பூக்கூடை மேல் போய் விழுந்தாய். மண்டபத்துக்காரர், பெண் வீட்டார், நம் மேனேஜர் எல்லாரும் பார்க்க.

"யோவ், என்னய்யா ஆச்சு உனக்கு?" என்று மேனேஜர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் குழற வைத்துக்கொண்டு சொன்னாய்: "நேத்து கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு சார். மன்னிச்சுக்குங்க சார்."

சாராயத்தின் வாசனையே ஆகாது உனக்கு. உன் தங்கச்சி கல்யாணத்தில்கூட எல்லாரும் குடித்தபோது நீ மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். மேனேஜர் வண்டி வண்டியாகத் திட்டினார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாய். திரும்பி வருகிற ஷேர் ஆட்டோவில் நான் கேட்டேன், ஏன்டா இப்படிச் சொன்னாய் என்று. "குடிகாரன்னா திட்டிட்டு வேலை குடுப்பான். குருடன்னா?" என்றாய். ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டைப் பற்றி மட்டும் உனக்குப் பெருமை தாங்காது. "செல்விக்கு இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஊட்ல நான் பாட்டுக்கு ராஜா மாதிரி நடக்கறேன் மச்சான். செம்பை எடுக்கறேன், தண்ணி மொள்றேன், சட்டையை மாட்டிகினு கெளம்பறேன். ஒரு எடத்துல முட்டினது கெடையாது. எல்லாம் கணக்கு மச்சான், கணக்கு." நெற்றியைத் தட்டிக் காட்டுவாய். நானும் நம்பினேன். உன் தலைக்குள் அப்படி ஒரு கணக்கு இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்ட ஆரம்பித்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் தெரு முனையில் தோண்டியிருக்கிறார்கள். மறுநாள் உங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வந்துவிட்டது. தடுப்பு என்று ஒரு சிவப்பு நாடா. அதுவும் அறுந்து கிடந்தது. பளீரென்று வெயில் அடிக்கிற காலை நேரம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வேகமாகப் போயிருக்கிறாய். தினம் நடக்கிற வழி. கணக்குப் போட்ட வழி. பள்ளத்துக்குள் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். அதன் மேல் தலை மோத விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவு வரவேயில்லை. தலையில் கட்டு, வாயில் குழாய். நான் உன் காதருகே போய் என்னவெல்லாமோ சொன்னேன். எழுந்து வாடா, அம்பத்தூரில் பாடி பக்கம் ஒரு பெட்டியே அணைந்து கிடக்கிறது என்றேன். அது பொய். சொன்னால் எழுந்துவிடுவாய் என்று ஒரு நப்பாசை. சில நாள்தான் கிடந்தாய்.

சாவு வீட்டில் பந்தலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. "பட்டப்பகல்ல அம்மாம் பெரிய பள்ளம். தெரியாம எவனாச்சும் போய் உயுவானா? காலங்காத்தாலயே ஊத்திகினு வந்திருப்பான்." மாலையோடு வந்த மேனேஜர் பக்கத்தில் இருந்தவரிடம், "மண்டபத்திலேயே பார்த்தேனே, நல்ல வேலைக்காரன், குடியால கெட்டான்" என்றார். தலையை ஆட்டி உச்சுக் கொட்டினார்கள். உன் மகள் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும். எழுந்து கத்தியிருப்பேன். மாதா வந்து வாயைப் பொத்திவிட்டாள். எந்த நேரத்தில் அந்தச் சத்தியத்தை வாங்கினாயோ.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். உன் காரியம் முடிந்த அன்று, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, செல்வி பின்கட்டில் பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தாள். சத்தியம் போனால் போகிறது, பாவம் என்னோடு போகட்டும், கட்டினவளாவது உண்மை தெரிந்து இருக்கட்டும் என்று போய் நின்றேன்.

"செல்விம்மா, ஜனங்க பேசறதை நம்பாத. அவன் குடிக்கல. அவனுக்குக் கண்ணு தெரியாது."

அவள் கையை நிறுத்தவில்லை. "தெரியும் ணா" என்றாள்.

அவள் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவுரு கால் வெக்கறதைப் பாத்தா தெரியாதா ணா? அவுரு சொல்லல, நானும் கேக்கல. கேட்டா ஒடைஞ்சிடுவாரு. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, இந்த ஊட்ல நான் ஒரு சாமானை எடம் மாத்தல. கொடம் வெச்ச எடத்துலதான் கொடம். ஸ்டூலு, அவுரு செருப்பு, சோப்பு டப்பா, எல்லாம் அங்கங்கயே. பொண்ணு ஸ்கூல் பையைத் தரையில போட்டா அடிப்பேன். அவுரு பாட்டுக்கு வந்து டக்குனு செம்பை எடுத்துட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாருங்க. நானும் சிரிப்பேன்."

அதுவரை அவள் அழவில்லை. அப்புறம்தான் குரல் உடைந்தது.

"ஊட்டுக்குள்ள நான் பாத்துகினேன் ணா. தெருவை யாரு எனக்காக அப்படியே வெச்சிருப்பா?"

நான் அங்கேயே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மண்டபப் படியையும் பூக்கூடையையும் மேனேஜரையும் பற்றிச் சொன்னேன். குடித்தேன் என்று நீயே சொல்லிக்கொண்டதைச் சொன்னேன். அது மட்டும் அவளுக்குப் புதிது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "இப்பவே முன்னாடி போய் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்றேன். எவன் குடிகாரன்னு பேசறான்னு பாக்கறேன்" என்று எழுந்தேன். அவள் ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் ணா. குடிகாரன்னே சொல்லட்டும். அதை அவுரே வாயால சொல்லிகினாரு, பரவால்ல. கண்ணு போச்சுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அதை மறைக்கத்தானே அந்த மனுசன் அம்மாம் பாடுபட்டாரு?"

"பொண்ணு?" என்றேன்.

"அதுக்குத் தெரியும். பையை எடுத்து ஆணியில மாட்டினதே அதுதானே."

மாமே, நீ எங்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாய். உன் கணக்கு என்று நீ நெற்றியைத் தட்டியதெல்லாம் அவள் கணக்கு. அதை ஒரு நாள், ஒரே ஒரு நாள் உனக்குத் தெரிய வைத்திருந்தால் நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்திருப்பாயா, மாட்டாயா? மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது. உன் திமிருக்கு நீ மாட்டாய். அதை நினைத்தால் உன் மேல் வருகிற கோபத்தில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்ல முடியும்? மாதாவிடமும் செல்வியிடமும் வாயைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். உன் ஒருவனிடம்தான் சொல்லலாம்.

போன வாரம் மல்லிகா அக்கா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவன் பேச்சுவாக்கில் கேட்டான்: "உன் கூட நிப்பாரே ஒர்த்தரு, செம்ம தண்ணியாமே? பட்டப்பகல்ல பள்ளத்துல உயுந்துட்டாராமே?"

அக்கா கிளாஸ் கழுவுகிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமாம்பா" என்றேன். "குடிதான். ஆனா அந்த மாதிரி ஒரு கண்ணு இந்த லைன்ல எவனுக்கும் கெடையாது."